ஒன்றரை லட்ச ரூபாய் தண்ணி

நாக்பூரில் நம்ம மக்களைப் பிடித்திருக்கும் புது ஜுரம், ஆல்கலைன் தண்ணி மெஷின். விலை ஒன்றரை லட்சம். விற்கிறவரும் தமிழர்தான். ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்த இடத்தில் ஒருத்தர் "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டாலே நமக்குப் பாதி மனசு கரைந்துவிடுகிறது. அந்தப் பாசத்தைக் காசாக்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிகிறது.

வித்தை இதுதான். ஒரு கிளாஸில் ஆர்.ஓ. தண்ணி, இன்னொன்றில் மெஷின் தண்ணி. இரண்டிலும் ஏதோ சொட்டு விடுவார். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். "மஞ்சள் அமிலம் சார், இதைத்தான் இத்தனை நாள் குடிச்சீங்க!" கூட்டம் கப்சிப்.

அந்தச் சொட்டு காட்டுவது பி.எச். அளவு. 7 என்றால் நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. எலுமிச்சைச் சாறு 2 சொச்சம், தயிர் 4 சொச்சம், சமையல் சோடா கரைசல் 8 சொச்சம். மெஷின் தண்ணி 9.5 என்கிறார்கள். (ஐ.எஸ். 10500 குடிநீர் தரம் சொல்வது 6.5 முதல் 8.5 வரை. இதை அவர் சொல்ல மாட்டார்.)

நான் பேங்க்காரன், என் பாஷையில் சொல்கிறேன். பி.எச். என்பது வட்டி விகிதம் மாதிரி. அசல் எவ்வளவு என்று அது சொல்லாது. நூறு ரூபாய்க்கு 9.5 சதவீதம் வட்டி வந்து என்ன செய்ய? அசல் மாதிரி நின்று, வருகிற அமிலத்தைத் தாங்கும் சரக்குக்குப் பெயர் பஃபர்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பர்பிள் கோஸை வேகவைத்த தண்ணியை இரண்டு கிளாஸில் கொஞ்சம் விடுங்கள். ஒன்றில் மெஷின் தண்ணி, மற்றதில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்த சாதா தண்ணி. எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாகப் பிழியுங்கள். மெஷின் தண்ணி பத்துப் பன்னிரண்டு சொட்டில் சிவந்துவிடும். சோடா கிளாஸ் ஒரு முழுப் பழத்துக்கும் நுரைக்குமே தவிர சிவக்காது. பி.எச். குறைவு, ஆனால் பஃபர் பலம்.

எலுமிச்சைக்கே தாங்காத தண்ணி வயிற்று அமிலத்துக்கு எந்த மூலை? அதையும் தாண்டினாலும், இரத்தத்தில் பைகார்பனேட் என்ற பஃபர் இருக்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது, சிறுநீரகம் மிச்சத்தைக் கழிக்கிறது, அளவு 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கிறது. "சிறுநீரில் காகிதம் வைத்துப் பாருங்க, நிறம் மாறியிருக்கு" என்பார். மாறும்தான். வேண்டாததை உடம்பு வெளியே தள்ளினால் அங்கேதானே தெரியும்!

காசு போனால்கூடப் பரவாயில்லை. எங்கள் அப்பார்ட்மென்ட்டில் ஒரு மாமி, "இதைக் குடிச்சா சர்க்கரை மாத்திரையை நிறுத்திடலாமாமே?" என்று கேட்டார். சர்க்கரை கட்டுமீறி இரத்தம் நிஜமாகவே அமிலமானால் அது ஐ.சி.யூ. கேஸ், மாமி. அங்கே ஏற்றுவது இன்சுலின், மெஷின் தண்ணி இல்லை. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அடுத்த முறை டெமோவுக்கு வந்தால் காபி கொடுங்கள், கையில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருங்கள்.

டிஸ்கி: மிச்சக் கோஸைப் பொரியல் செய்தால் சோடா போடாதீர்கள். பச்சையாகிவிடும், வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்.