சாரதியில்லாக் கார்: யாருடைய சம்மதம் அளக்கப்படுகிறது?

சாரதி இல்லாமல் ஓடும் வாடகைக் கார்கள் லண்டன் வீதிகளுக்கு வரவிருக்கின்றன. 2026 வசந்த காலத்திலிருந்து முன்னோடிச் சேவைகளுக்கு இடமளிக்கப் போவதாகப் பிரித்தானிய அரசாங்கம் 2025 யூன் மாதம் அறிவித்தது. ஊபர், வேமோ போன்ற நிறுவனங்கள் ஆயத்தங்களில் இறங்கின. மக்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்வியும் கூடவே எழுந்திருக்கிறது. அதற்குப் பதில் தேடுமுன், ஏற்பு என்பதை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும்.

வழக்கமான அளவுகோல் கருத்துக்கணிப்பு. இவ்வகைக் கணிப்புகள் பலவற்றுக்கு அடிப்படை, அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த ஒரு மாதிரி. ஒரு தொழில்நுட்பம் பயன்தரும் என்று ஒருவர் நினைக்கிறாரா, அதைக் கையாள்வது இலகு என்று நினைக்கிறாரா என்பவையே அதன் இரு அடிப்படைக் கேள்விகள். அவை அலுவலகக் கணினிகளை மனதில் வைத்து எழுந்தவை. கணினி பிழைத்தால் வேலை கெடும். கார் பிழைத்தால் உயிர் போகும். ஆகவே பாதுகாப்பு, நம்பிக்கை பற்றிய கேள்விகளையும் இப்போது சேர்க்கிறார்கள். ஆனாலும், ஏறிப் பாராத வாகனத்தைப் பற்றி ஒருவர் சொல்வது ஊகம்தான்.

அப்படியானால் ஏறியவர்களை எண்ணினால் போதுமா? ஸ்கொட்லாந்தில் 2023 மே மாதம் ஐந்து தானியங்கிப் பேருந்துகள் ஃபோர்த் வீதிப் பாலத்தைக் கடந்து எடின்பரா நோக்கி ஓடத் தொடங்கின. பாதை சுமார் 14 மைல். சாரதி ஆசனத்தில் ஒருவரும் பயணிகளோடு இன்னொருவருமாக இரண்டு பணியாளர்கள் இருந்தார்கள். 2025 பெப்ரவரியில் சேவை நின்றது. பயணிகள் போதவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். மக்கள் இயந்திரத்துக்குப் பயந்தார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அந்தப் பாதை அவர்களுக்குத் தேவைப்பட்டதா என்பதும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியிருக்கிறது.

மறுபக்கம், லண்டனின் டொக்லண்ட்ஸ் இலகு தொடருந்து 1987 முதல் சாரதி இல்லாமலே ஓடுகிறது. லூசியம், வூலிச் பகுதிகளில் வாழும் எம்மவர்களும் யோசிக்காமல் அதில் ஏறுகிறார்கள். அது தனித் தண்டவாளத்தில் ஓடுகிறது. கதவைக் கவனிக்க, கேட்டால் வழி சொல்ல, உள்ளே ஒரு பணியாளர் இருக்கிறார்.

சாரதியில்லாக் காரில் அந்த ஆளும் இல்லை. மருத்துவமனைக்குப் போகும், ஆங்கிலம் தெரியாத ஒரு அம்மாவை கார் வாசலுக்கு எதிர்ப்புறம் இறக்கிவிட்டால், அவர் யாரிடம் சொல்வது? இணையத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் கணிப்பும் அவரிடம் வந்து சேர்வதில்லை. ஆதரவிலும் இல்லை, எதிர்ப்பிலும் இல்லை. அவர் கணக்கிலேயே இல்லை. வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தை நிமிர்த்திய எம்மவர்களின் நிலையும் இதுதான். பயணியாக அவர்களிடம் கருத்துக் கேட்கலாம். பிழைப்புப் போகிறவராகக் கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் தானியங்கி வாகனச் சட்டம், இந்த வாகனங்கள் கவனமும் திறமையும் உள்ள ஒரு மனிதச் சாரதிக்குக் குறையாத பாதுகாப்புடன் ஓட வேண்டும் என்கிறது. பயணிகள் சேவைக்கு இச்சட்டத்தின் கீழ் அனுமதி பெறுபவர்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகளின் தேவைகளுக்கு என்ன செய்தார்கள் என்று அறிக்கை வெளியிட வேண்டும். வாடகைக் கார் போன்ற சேவைக்கு லண்டன் போக்குவரத்து அதிகாரசபையின் சம்மதமும் தேவை.

அந்த அறிக்கைகளை நாம் கேட்டு வாங்கி வாசிக்க வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதோடு, எத்தனை பேர் இரண்டாம் முறை ஏறினார்கள், யார் ஏற முடியாமல் திரும்பினார்கள், முறைப்பாடுகளுக்கு என்ன நடந்தது என்பதையும் கேட்க வேண்டும். எமது முதியோர் சங்கங்களும் சாரதிகளும் கணிப்புகளைத் தமிழிலும் நடத்துமாறு இப்போதே எழுதலாம். சேவை நிலைபெற்ற பிறகு கேட்டால், மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்ற பதில்தான் கிடைக்கும்.