விழுவதற்கு முன் வாங்க வேண்டியவை

2021 ஜனவரி 6. சவூதி அரேபியாவின் வாதி அத் தவாசிரிலிருந்து ரியாத் நோக்கிச் செல்லும் பாலைவனப் பாதை. டாக்கர் ராலியின் நான்காம் கட்டம் நடந்துகொண்டிருந்தது. ஹீரோ அணிக்காக ஓட்டிய பெங்களூர்க்காரர் சி.எஸ். சந்தோஷ் விழுந்தார். தலையில் பலத்த அடி. ரியாத் மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரில் கொண்டு போனார்கள். மருந்து கொடுத்து ஆழ்ந்த மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.

சந்தோஷ் கற்றுக்குட்டி அல்ல. டாக்கர் ராலியை முழுவதும் ஓட்டி முடித்த முதல் இந்தியர் அவர். 2015ல் ஆர்ஜென்டினா, பொலிவியா, சிலி வழியாக ஏறத்தாழ 9,000 கி.மீ. ஓட்டி 36வது இடத்தில் வந்தார். 2018ல் 34வது. விழுந்த அன்று போட்டி விதிகள் கேட்ட பாதுகாப்பு அத்தனையும் அவருக்கு இருந்தது. விழும் கணத்தில் உப்பிக்கொள்ளும் காற்றுப்பைச் சட்டையை எல்லா மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் அணிந்தே ஆகவேண்டும் என்று டாக்கர் அமைப்பாளர்கள் கட்டாயமாக்கியது அந்த ஆண்டில்தான். அழைத்தால் வந்து இறங்க மருத்துவக் குழுவும் தயாராக இருந்தது. இவ்வளவும் இருந்துதான் அவர் பிழைத்தார். அதே மாதம் இந்தியா திரும்பி, மெல்லத் தேறினார். அதற்கு முந்தைய ஆண்டு அதே அணியின் போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கோன்சால்வெஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2015 டாக்கரில் இரண்டாவதாக வந்த அவர், 2020 ஜனவரி 12 அன்று பந்தயப் பாதையிலேயே இறந்தார்.

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சந்தோஷின் ஊருக்கு வருவோம்.

கோலார் சாலையிலும் கனகபுரா சாலையிலும் ஆறு மணிக்கு முன்பே டீக்கடைகளில் கூட்டம். சுற்றிலும் உயரமான முன்சக்கர வண்டிகள். ஓட்டி வந்தவர்கள் பெரும்பாலும் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள். வண்டிகளைப் பார்த்தால் கண் கூசும். கூடுதல் விளக்குகள், எஞ்சினைச் சுற்றி இரும்புக் கம்பி, இருபுறமும் அலுமினியப் பெட்டி, செல்போன் தாங்கி. ஓட்டுகிறவரைப் பார்த்தால் ஜீன்ஸ், கான்வாஸ் ஷூ. கல்யாணப் பெண்ணுக்குப் போடுவது மாதிரி வண்டிக்கு நகை போட்டிருக்கிறார்கள். தங்கள் முழங்காலுக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் இல்லை.

இந்த விளையாட்டு பெங்களூரில் வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. நகரத்தை விட்டு ஒரு மணி நேரம் போனால் போதும்: ராமநகரத்துப் பாறைகள், கோலார்ப் பக்கத்துச் செம்மண் மேடுகள், யூகலிப்டஸ் தோப்புகள், வற்றிய ஏரிகள், கைவிடப்பட்ட கல்குவாரிகள். கோடையிலும் காலை வேளை இதமாக இருக்கும். மைசூரில் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை புண்ணியத்தில், எஸ்டி வண்டியின் மட்கார்டைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கிய ஒரு தலைமுறை இங்கே முன்பே இருந்தது. அந்தப் பக்கம் எல்லையைத் தாண்டினால் ஓசூரில் டி.வி.எஸ். ஆலை. அந்த நிறுவனத்துக்காக டாக்கரில் ஓட்டிய கே.பி. அரவிந்த் 2019ல் 37வதாக வந்தார். கேரளத்து ஹரித் நோவா 2024ல் ஒட்டுமொத்தத்தில் 11வது, ராலி 2 பிரிவில் முதலிடம்.

ஆனாலும் சாமானிய இளைஞனை மண்ணுக்கு இழுத்தது வீரர்கள் அல்ல, விலை. 2011ல் ஹீரோ கொண்டுவந்த இம்பல்ஸ் சந்தையில் எடுபடவில்லை. 2016ல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்தது. 2019ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஒரு லட்சம் ரூபாய்க்கும் குறைவான அறிமுக விலையில் வந்தபோது கதவு முழுக்கத் திறந்தது. 21 அங்குல முன்சக்கரம், தரைக்கும் எஞ்சின் அடிப்பகுதிக்கும் இடையே 220 மி.மீ. இடைவெளி. காட்டுப்பாதை ஓட்டம் மாதச் சம்பளக்காரருக்கு எட்டும் பொருளாகிவிட்டது.

சிக்கலும் அங்கேதான் பிறந்தது. பல லட்சம் கொடுத்து வெளிநாட்டுப் பந்தய வண்டியை இறக்குமதி செய்கிறவர் பூட்ஸுக்கு 25,000 ரூபாய் கொடுக்கத் தயங்குவதில்லை. ஒரு லட்ச ரூபாய் வண்டி வைத்திருப்பவருக்கோ அது வண்டி விலையில் கால் பங்கு. மனசு வராது. வண்டி விலை குறைந்தால் கணுக்கால் எலும்பின் விலையும் குறைந்துவிடுமா என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

மண் பாதையில் விழுவது சாலையில் விழுவது போலல்ல. வேகம் குறைவு, மணிக்கு 20, 30 கி.மீ.தான் இருக்கும். ஆனால் விழுவது நிச்சயம். ஒரு காலைப் பொழுதில் நாலைந்து முறை சாய்வது கற்றுக்கொள்கிறவருக்குச் சாதாரணம். சாயும்போது முதலில் மாட்டுவது பாதம். 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, ஃபுட்ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே காலை வைத்து நசுக்கும். அல்லது ஊன்றிய கால் பள்ளத்தில் சிக்கிக்கொள்ள, உடம்பு வண்டியோடு முன்னே போகும். முறிவது கணுக்கால், திருகுவது முழங்கால். கான்வாஸ் ஷூ இதற்கு உதவாது. சிலர் தோட்டத் தொழிலாளர்கள் போடும் ரப்பர் கம்பூட்டைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சேறு ஒட்டாது, அவ்வளவுதான். கெட்டியான அடிப்பாகமும் பக்கிள்களும் கொண்டு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறும் மோட்டோகிராஸ் பூட்ஸே சரி. அதைப் போட்டால் கியர் மாற்றுவதே முதல் வாரம் பிடிபடாது. அந்தச் சிரமத்தைச் சொல்லியே பலர் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

முழங்காலுக்கு விற்கும் சாதாரண அட்டைக் கவசம் கல் அடியைத் தாங்கும், திருகலைத் தடுக்காது. கீல் வைத்த முழங்கால் பட்டை வேறு சாதி, விலையும் வேறு. முடிந்தவர்கள் வாங்கலாம்.

கழுத்துப் பட்டைக்கு ஒரு கதை உண்டு. தென்னாப்பிரிக்க டாக்டர் கிறிஸ் லியட், 2001ல் ஒரு மோட்டார் சைக்கிள் நிகழ்ச்சியில் சக ஓட்டி ஒருவர் கழுத்துக் காயத்தால் இறந்ததைப் பார்த்தார். அவருடைய சின்ன மகன் அப்போதுதான் வண்டி ஓட்டத் தொடங்கியிருந்தான். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் இன்று உலகெங்கும் பந்தயக்காரர்கள் அணியும் லியட் பட்டை. தலை அளவுக்கு மீறிப் பின்னோக்கியோ பக்கவாட்டிலோ மடங்கும்போது ஹெல்மெட்டின் விளிம்பு இந்தப் பட்டையில் முட்டி நின்றுவிடும். விசை கழுத்தெலும்பில் முழுதாக இறங்காமல் தோளுக்கும் மார்புக்கும் பரவும்.

மார்புக் கவசத்தை அலட்சியம் செய்பவர்கள் ஐஸ்வர்யா பிஸ்ஸேயைக் கேட்க வேண்டும். பெங்களூர்ப் பெண்ணான அவர் 2018ல் ஸ்பெயினில் நடந்த பாஹா பந்தயத்தில் விழுந்து கணையம் கிழிந்தது. தோல் கிழியாமலே உள்ளுறுப்பு கிழியக்கூடும் என்பதை இந்த விளையாட்டு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது. மறு ஆண்டே துபாயில் ஜெயித்து, ஹங்கேரியில் தொடரை முடித்து, 2019ன் எஃப்.ஐ.எம். பாஹா உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு.

ஹெல்மெட் பற்றி ஊரே பேசுகிறது. இங்கே ஒன்று போதும். பலமான ஒரு அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே தெர்மாகோல் போன்ற பகுதி நசுங்கியிருக்கும். மறு அடியை அது வாங்காது. ஆகவே பழைய ஹெல்மெட்டைக் கைமாற்றாக வாங்குவது அடுத்தவர் விபத்தை விலைக்கு வாங்குவது.

விழவும் தெரிய வேண்டும். கையை நீட்டித் தரையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், அல்லது காறை எலும்பு. வண்டியைக் காப்பாற்ற ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குகிறவர்களே அதிகம் அடிபடுகிறார்கள். சரிவில் சாயும்போது மேட்டுப் பக்கம் சாய வேண்டும். பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் வண்டி ஆளின் மேலேயே உருண்டு வரும். சந்தோஷ் கோலார்ப் பக்கம் அமைத்த பிக்ராக் பயிற்சிக் களம் போன்ற இடங்களில் முதலில் சொல்லித் தருவது வேகத்தை அல்ல: ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்பது, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் வைப்பது, விழுந்த வண்டியை முதுகு பிடிக்காமல் தூக்குவது.

ஆளைக் காப்பாற்றிய பிறகு வண்டி. 2015 டாக்கரில் பொலிவியாவின் உயுனி உப்புப் பரப்பில் மழை பெய்து நின்றது. உப்பு நீர் மின்கம்பிகளுக்குள் புகுந்து பல வண்டிகளை முடக்கிப் போட்டது. முன்னணியில் இருந்த ஜோன் பரேடாவின் ஹோண்டாவையே இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்து வரவேண்டியதாயிற்று. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு எதிரி. பெங்களூரைச் சுற்றி அது செம்மண் தூசி. முன்னே போகிற வண்டி கிளப்பும் தூசியைப் பின்னால் வருகிற எஞ்சின் மூச்சாக இழுக்கிறது. ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போன தூசி, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். இங்கே விற்கும் பல வண்டிகளில் இருப்பது காகித ஃபில்டர். அதைக் கழுவ முடியாது; கம்பெனிப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் கணக்கு தார்ச்சாலைக்கானது என்பதால், அதற்கு வெகு முன்பே மாற்றிவிட வேண்டும். பஞ்சு ஃபில்டர் என்றால் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து, அதற்கென்று உள்ள எண்ணெயைத் தடவிப் பிழிந்து மாட்டலாம். எண்ணெய் இல்லாத பஞ்சு தூசியைப் பிடிக்காது.

செயினை விறைப்பாக வைத்திருப்பதே நல்ல பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். பள்ளத்தில் பின்சக்கரம் மேலே எழும்பும்போது செயின் இன்னும் இறுகும். நிற்கும்போதே விறைப்பாக இருந்தால் அந்த இழுப்பை கியர் பெட்டியின் பேரிங்தான் தாங்க வேண்டும். தளர்வு சற்று அதிகமாகவே இருக்கட்டும். ஸ்போக்ஸைப் பரிசோதிக்கக் கருவி வேண்டாம், காது போதும். சிறிய ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுகியது மணி போல ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகத் தட்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மண்ணில் பிடிப்பு கூடும். ஆனால் ராமநகரத்துப் பாறையில் அளவுக்கு மீறிக் குறைத்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக் கிழியும். பதினெட்டு, இருபது பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகாமல் இருப்பது புத்திசாலித்தனம். திரும்பும் வழியில் தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி நிரப்பக் கைப்பம்பு வேண்டும். கிளட்ச், பிரேக் லீவர்களின் பிடியைத் தகடு போல முறுக்காமல் விட்டால், விழும்போது உடையாமல் சுழன்று கொடுக்கும். ஜே.சி. ரோடு கடைக்கு ஒரு நடை மிச்சம். ஓடையில் மூழ்கி நின்ற வண்டியை மட்டும் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்யக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரைத் தள்ளிய பிறகே மற்றது.

எங்கே ஓட்டுவது என்பதிலும் கவனம் தேவை. கனகபுராவுக்கு அப்பால் காவிரி வனவிலங்குச் சரணாலயம், இந்தப் பக்கம் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, ராமநகரத்தில் 2012ல் அறிவிக்கப்பட்ட கழுகுச் சரணாலயம். அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காடல்லாத இடம் என்றால் அது யாரோ ஒருவரின் நிலம். வரப்பு ஏறி ராகிக் கொல்லையில் புகுந்தவர்களால், அடுத்த வாரம் வருகிறவர்களுக்கு வேலி காத்திருக்கிறது. பந்தயம், வேகப் பரிசோதனை போன்றவற்றில் நேரும் சேதத்தை வழக்கமான வாகன இன்ஷூரன்ஸ் ஏற்பதில்லை என்பதைப் பாலிசியின் பொடி எழுத்தில் தேடிப் படித்துக்கொள்ளலாம். தனியாகப் போகக்கூடாது என்பதற்குச் சட்டம் இல்லை. பள்ளத்தில் கால் முறிந்து கிடக்கும்போது செல்போனில் சிக்னல் இருக்காது, அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் வண்டி கழுவும் சடங்கு. பம்ப் வைத்துப் பீய்ச்சி அடிக்கும் கடைகளுக்கு ஞாயிறு மாலை நல்ல வியாபாரம். அந்த வேகத்தில் தண்ணீர் சக்கரப் பேரிங்குகளுக்குள்ளும் ஸ்டியரிங் பேரிங்குக்குள்ளும் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். 2024 மார்ச்சில் பெங்களூர் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்தபோது, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அப்போது பலர் வேறு வழியில்லாமல் சேற்றைக் காயவிட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் உதிர்த்து, ஈரத்துணியால் துடைத்தார்கள். பேரிங்குகளுக்கு அதுதான் நல்லது. தளர்ந்த போல்ட்டும் விரிசல் விட்ட ரிம்மும் கண்ணில் படுவதும் அப்படிக் கையால் துடைக்கும்போதுதான்.