எச்சிலில் பிறவிப் பெருமை தேடுவதா?

மேல்நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், ஒரு புதுவித வியாபாரம் பலமாக நடந்து வருகின்றது. ஒரு சிறு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினால், சில வாரங்களில் “உன் முன்னோர் இன்ன தேசத்தார் இத்தனை சதவீதம், இன்ன தேசத்தார் இத்தனை சதவீதம், இன்னின்னார் உனக்கு உறவினர்” என்று கம்பெனிகள் டி.என்.ஏ. கணக்கு எழுதி அனுப்புகின்றன. குடும்ப வரலாறு எழுதிவைப்பதற்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்களில் இக்கணக்கைச் சேர்த்துக் கொள்ளலாம். உறவினருக்கு என்னைக் காட்டு, என் குடும்ப மரத்தைப் பிறருக்குத் திற, போலீசார் தேடலாம் என்பன போன்ற பல வசதிகளும் இவ்வகைத் தளங்களில் உண்டு. வேண்டியவர் திறந்து கொள்ளலாம், வேண்டாதவர் மூடி வைக்கலாம் என்கின்றார்கள். நம் நாட்டிலும் இச்சோதனை விற்கப்படுகின்றபடியால் நாமும் இதைப்பற்றிச் சிறிது யோசிக்க வேண்டியது அவசியமாகும்.

முதலாவதாக, டி.என்.ஏ. சோதனையே பித்தலாட்டம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜோசியத்துக்கும் இதற்கும் வித்தியாசமுண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் பாதி ஒத்திருக்கும். பெரியப்பா மகன், அத்தை மகள் என்றால் சுமார் எட்டில் ஒரு பங்கு ஒத்திருக்கும். இது மெய்யான கணக்கு. பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்ட எத்தனையோ பேர் தங்களைப் பெற்றவளை இதன் மூலம் கண்டுபிடித்திருக்கின்றார்கள். அந்த மட்டில் இது மனிதனுக்கு உதவுகின்ற அறிவேயாகும். ஆனால், அக்காள் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் கொள்ளும் நம்மவர் குடும்பங்களில், உள்ளதைவிட நெருங்கிய உறவு போல இக்கணக்கு காட்டிவிடும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் தேசவாரிச் சதவீதம் என்பதன் யோக்கியதை என்ன? ஒவ்வொரு கம்பெனியும் தன்னிடமுள்ள மாதிரிப் பட்டியலோடு உமது எச்சிலை ஒப்பிட்டு ஒரு மதிப்புச் சொல்லுகின்றது. அப்பட்டியலை நாளைக்குத் திருத்தினால் உமது சதவீதமும் மாறுகின்றது. துப்பின எச்சில் அதுவேதான். பாட்டன் மாத்திரம் தேசம் விட்டுத் தேசம் போய்விடுகின்றான்! இதை வைத்துக்கொண்டு ஒருவன் மீசையை முறுக்குவதென்றால், அவனை என்னவென்று சொல்லுவது?

இன்னும், கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒருவனுக்குப் பெற்றோர் 2 பேர், அவர்களைப் பெற்றவர்கள் 4 பேர், இப்படியே 10 தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள் ஆகின்றன. 20 தலைமுறை போனால் பத்து லட்சத்துக்கும் மேலாகின்றன. “நான் இன்ன ரிஷியின் கோத்திரம்” என்பவன் இத்தனை பேரில் தகப்பன், அவன் தகப்பன் என்ற ஒரே ஒரு கோட்டை மாத்திரம் பிடித்துக்கொண்டு மற்றவர்களையெல்லாம் குப்பையில் போட்டு விடுகின்றான். பெற்ற தாய்க்கு அங்கே இடமேயில்லை. டி.என்.ஏ.யோ பாதி தாயிடமிருந்து வருகின்றது. கோத்திரம் என்பது ஆண் எழுதிய கணக்கு என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

சுத்த ரத்தம் என்னும் பேச்சும் இப்படியே சந்தி சிரித்திருக்கின்றது. 2013-இல் அமெரிக்காவில் வெள்ளைத்தோல் மேன்மை பேசி வந்த ஒருவருக்கு, டெலிவிஷனில் எல்லோரும் பார்க்க, அவருடைய முன்னோரில் 14 சதவீதம் ஆப்பிரிக்கர் என்று சோதனை முடிவு வாசிக்கப்பட்டது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதே 2013-இல் ஐதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் ஹார்வர்ட் விஞ்ஞானிகளும் சேர்ந்து, இந்தியத் துணைக்கண்டத்தின் 73 கூட்டங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்குள்ள ஜனங்கள் வெகுவாகக் கலந்தார்கள் என்றும், அதன் பிறகே தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் இறுகிற்று என்றும் அதில் கண்டார்கள். அதாவது, ஆதிமுதல் கலவாத ஜாதி என்று மார்தட்டுகின்றவர்களின் உடம்புக்குள்ளேயே அது பொய் என்று எழுதப்பட்டிருக்கின்றது. எந்த எச்சிலிலும் உயர்வு என்றோ தாழ்வு என்றோ எழுதியிருப்பதாக எந்த விஞ்ஞானியும் கண்டதில்லை.

நிற்க, இந்தப் பெருமையாசையும் ஆவலும் திறந்துவிடும் கதவைப்பற்றிச் சொல்லுவதே இன்று நமது முக்கிய நோக்கமாகும்.

23 அண்ட் மீ என்பது இத்தொழிலில் பேர்பெற்ற அமெரிக்கக் கம்பெனி. 2023-இல் திருடர்கள், ஜனங்கள் வேறு இடங்களில் உபயோகித்து வந்த பாஸ்வேர்டுகளைக் கொண்டே அதன் கணக்குகளில் நுழைந்தார்கள். நேராக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். ஆனால் விவரம் பறிபோனதோ சுமார் 69 லட்சம் பேருக்கு! எப்படியென்றால், உறவினரைக் காட்டும் வசதியையும் குடும்ப மரம் என்னும் வசதியையும் அவர்கள் திறந்து வைத்திருந்தார்கள். ஒருவன் வீட்டுக்குள் புகுந்தவன் உறவினர் வீடுகளையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டான்.

திருடர்கள் இவ்விவரங்களை எப்படி விற்க வைத்தார்கள்? அஷ்கெனாசி யூதர் பட்டியல், சீன வம்சத்தார் பட்டியல் என்று பிறப்புவாரியாகப் பிரித்து வைத்தார்கள். ஜெர்மனியில் 1933 முதல், பாட்டன் பாட்டி யார் என்று காகிதம் காட்டச் சொல்லித்தான் யூதர்களை உத்தியோகத்திலிருந்து விரட்ட ஆரம்பித்தார்கள். அது எங்கே போய் முடிந்ததென்பதை உலகமறியும். பிறவிப் பட்டியல் என்பது பெருமைக்காகத் தயாரிக்கப்பட்டாலும், கொடியவன் கைக்குப் போனால் ஆயுதமாகிவிடும். அன்றியும், இதே கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனுக் கொடுத்தது. ஒன்றரைக் கோடிப் பேருடைய டி.என்.ஏ. விவரம், மேஜை நாற்காலியைப்போல் கடன்காரக் கம்பெனியின் சொத்தாக விலை பேசப்பட்டது.

“நான் மூடி வைத்தால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். 2018-இல் கலிபோர்னியாவில் பழைய கொலைகாரன் ஒருவனை, வம்சாவளித் தளங்களில் இருந்த தூரத்து உறவினர்களின் விவரத்தைக் கொண்டு போலீசார் பிடித்தார்கள். அவன் எச்சில் கொடுத்ததேயில்லை. 13 கொலை செய்தவன் பிடிபட்டதற்கு நாம் வருத்தப்படவில்லை. ஆனால் கொலைகாரனைக் காட்டும் விளக்கு குற்றமற்றவனையும் காட்டுமல்லவா? இதனால் கிளர்ச்சி உண்டாகி, ஜெட்மேட்ச் என்னும் தளம் 2019-இல், சம்மதம் என்று தானே குறித்தவரை மாத்திரமே போலீசார் பார்க்கலாம் என்று விதி மாற்றியது. 2020 ஜூலையில் யாரோ உட்புகுந்து குறிகளையெல்லாம் மாற்றிவிடவே, வேண்டாமென்றவர்களும் சுமார் 3 மணி நேரம் போலீஸ் தேடலுக்குத் திறந்து கிடந்தார்கள். மூடியிருக்கிறது என்று நாம் நம்பும் கதவின் தாழ்ப்பாள் பிறர் கையில் இருக்கின்றது என்பதுதான் இதன் பொருள்.

உமது எச்சில் உமக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. அதில் உமது தங்கையின் சேதியும், சிற்றப்பா மகனின் சேதியும், இன்னும் பிறவாத பேரப் பிள்ளையின் சேதியும் இருக்கின்றது. அவர்களைக் கேட்காமல் ஒரு குறியிடுவது, அவர்களுக்காக நீர் கையெழுத்துப் போடுவதற்குச் சமானமாகும்.

ஆகவே, தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். குடும்ப வரலாறு எழுதுங்கள். வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். பாட்டியின் பெயரையும், அவள் தாயின் பெயரையும் விசாரித்து எழுதுங்கள். கப்பலேறித் தோட்டத்துக்குப் போனவர்களை எழுதுங்கள். கலப்பு மணம் செய்துகொண்டதற்காகத் தள்ளி வைக்கப்பட்டவர்களையும் மறைக்காமல் எழுதுங்கள். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருள் இருக்கின்றது. அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். பிறருக்குப் பிரதி கொடுக்கும்போது உயிரோடிருப்பவர்களை விட்டுவிட அதில் வசதியுண்டு. நோய் விஷயமாகச் சோதனை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். பெற்றவரைத் தேடுகின்றவர் தாராளமாகத் தேடட்டும். எதைச் செய்தாலும், ஒவ்வொரு வசதியையும் மூடி வைத்தே ஆரம்பித்து, இது எதற்கு, யாருக்கு லாபம், யாருக்கு ஆபத்து என்று கேட்டு, உறவினரையும் கலந்துகொண்டு, பிறகு திறவுங்கள்.

ஆனால் மேல் ஜாதி என்று நிரூபிக்கவோ, வெள்ளைக்காரன் ரத்தம் இரண்டு சதவீதம் என்று சொல்லிக் கொள்ளவோ ஒரு காசும் செலவழிக்காதீர்கள். புரோகிதனுக்குத் தட்சணை கொடுத்து வாங்கிய பிறவிப் பெருமையை விட்டுவிட்டு, அதையே கம்பெனிக்குப் பணம் கட்டி வாங்குவதா சுயமரியாதை என்று கேட்கின்றோம்.