போனிலேயே கைதாம்!

"ஹலோ, மும்பை போலீஸ் பேசுறோம். உங்க பேருக்கு வந்த பார்சல்ல போதை மருந்து இருக்கு. உடனே வீடியோ கால்ல வாங்க!"

இப்படி மிரட்டினால் யாருக்குத்தான் குலை நடுங்காது? எதிரே காக்கிச் சட்டை. பின்னால் அசோகச் சின்னம். எல்லாம் நாடக செட்டு! "போனை கட் பண்ணக்கூடாது. பெண்டாட்டி பிள்ளைகிட்ட மூச்சு விடக்கூடாது. பணத்தை அனுப்புங்க, ரிசர்வ் வங்கி சரிபார்த்துத் திருப்பித் தரும்" என்கிறான் அந்த ஆசாமி. அனுப்பினால் போச்சு!

'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். ஆனாலும் ரிடையர் ஆன அதிகாரி, டாக்டர், பேராசிரியர் என்று படித்தவர்களே சிக்குகிறார்கள். முட்டாள்தனம் என்று சிரிப்பது தப்பு. போலீசு, கோர்ட்டு என்றாலே பயந்து, மானத்தோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் இந்த வலை. கேடியிடம் இந்தப் பாச்சா பலிக்குமா?

பணம் போன பிறகும் அதே மானம்தான் வாயைக் கட்டுகிறது. "வெளியே தெரிஞ்சா கேவலம்" என்று இரண்டு நாள் கழித்துப் புகார் கொடுக்கிறார்கள். அதற்குள் பணம் பத்துக் கணக்கு மாறி மாயமாகிவிடுகிறது. உடனே 1930க்குப் போன் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வழி உண்டு. ("லோன் வேணுமா, பிளாட் வேணுமா" என்று மத்தியானத் தூக்கத்தைக் கெடுப்பவர்கள் வேறு ரகம். அதைத் தடுக்க 1909.)

அந்தப் பத்துக் கணக்கு யாருடையது? கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏ.டி.எம். கார்டை வாடகைக்கு விட்டவர்களுடையது! கல்லூரி மாணவர்களும் இதில் உண்டு. தம்பிகளே, போலீசு முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

வங்கிகளுக்கும் ஒரு கேள்வி. 70 வயதுப் பெரியவர் வேர்த்து விறுவிறுக்க வந்து டெபாசிட்டை முறிக்கச் சொன்னால், "என்ன சார் அவசரம்?" என்று கவுண்டரில் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? 2024ல் ஐதராபாத்தில் ஒரு ஸ்டேட் வங்கிக் கிளை ஊழியர்கள் அப்படித்தான் கேட்டார்கள். "சொத்து வாங்க" என்று வந்த பதிலை நம்பவில்லை. பணம் தப்பியது!

எல்லாக் கிளையிலும் இதை ரிசர்வ் வங்கி கட்டாயம் ஆக்கட்டும். பெரியவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை. மகனையோ மகளையோ, யாரும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரையோ கூட்டி வரச் சொல்லட்டும்.