பந்துக்கள் கூடும் பண்டிகை

மலேசிய இந்தியர்களுள் கிறிஸ்தவர்கள் சிறுதொகையினர். 2010ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் 6 பேர். ஆயினும், டிசம்பர் 25ஆம் தேதி மத்தியான வேளையில் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் கூடத்துக்குள் நுழைபவருக்கு, அங்கே நிறைந்திருக்கும் மனிதர்கள் அந்த 6 பேரைச் சேர்ந்தவர்கள் மட்டும் அல்லர் என்பது பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிவிடும். நெற்றியில் திருநீறு துலங்கும் தாய்மாமன், கறுப்பு வேட்டி கட்டிச் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் சின்னம்மா மகன், முஸ்லிம் ஒருவரை மணந்து அவருடைய மார்க்கத்தைத் தழுவிய பெரியப்பா மகள், நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்து கண்ணயராமலே அடுப்பைப் பற்றவைத்த பாட்டி, இவர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் ஒரே வேளையில் அமர்ந்து உண்ணும் நாள் வருஷத்தில் எத்தனை வாய்க்கிறது? தீபாவளி ஒன்று, கிறிஸ்துமஸ் ஒன்று. இரத்த பந்தம் ஒன்றாகவும் வழிபாடு வேறாகவும் அமைந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களை இன்னமும் குடும்பங்களாகவே வைத்திருப்பவை இந்த இரண்டு நாட்களே என்பது என் அபிப்பிராயம். அவற்றுள் ஒன்று நம் கண் முன்னாலேயே வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருப்பதுதான் என் கவலை.

இத்தகைய உறவுக் கலப்புக்குப் பிரிக்பீல்ட்ஸ் இயல்பாக வாய்த்த நிலம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டபின், அந்த ரயில்வேயை நம்பித் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியின் கல்விப் பரம்பரையில் ஆங்கிலம் கற்ற கிறிஸ்தவரும், அவருக்கு அயலூரிலிருந்து வந்த சைவரும் ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாக்களாக இருந்து, ஒரே வரிசையில் குவாட்டர்ஸ் பெற்று, காலக்கிரமத்தில் சம்பந்திகளாகவும் ஆனார்கள். சைவர்களுக்கு ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவில் எழுந்தது. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்குவின் பணியிலிருந்து தோன்றிய தமிழ் லுத்தரன் சபையார் 1924இல் தங்களுக்குச் சீயோன் ஆலயத்தை அமைத்துக்கொண்டார்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பாத்திமா மாதா ஆலயமும், மெதடிஸ்டு சபையாருக்கு அவர்களுடைய தேவாலயமும் இதே வட்டாரத்தில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே ஊழியருக்காகக் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' வீடுகளில், பலகாரத் தட்டை உறவினர் வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு வாசற்படியைத் தாண்டினால் போதுமானதாக இருந்தது.

இந்தக் கூட்டத்தின் நுட்பத்தை அறிய விரும்புவோர் கூடத்தில் நில்லாது சமையலறைக்குள் செல்லவேண்டும். கிறிஸ்துமஸ் மார்கழி மாதத்தில் வருகிறது. சைவ உணவை நியமமாகக் கொண்டு அதிகாலையில் கோவிலுக்குச் செல்லும் பெரியவர்கள் அநேகருக்கு அம்மாதம் முழுவதுமே விரதகாலம். ஐயப்ப பக்தர்களின் 41 நாள் மண்டல விரதமோ டிசம்பர் 26 அல்லது 27ஆம் தேதி வாக்கில் நிறைவு பெறுவது. ஆகவே 25ஆம் தேதி அது முற்றி நிற்கும் சமயம். விருந்தளிக்கும் கிறிஸ்தவ வீட்டார் இதை எவரும் எடுத்துச் சொல்லாமலே அறிவார்கள். விடியற்காலையில், மாமிசம் அடுப்பேறுவதற்கு முன்பாகவே, தனிப் பாத்திரங்களில் சாம்பாரும் கூட்டும் பாயசமும் சமைத்து இறக்கி, மூடி, வேறொரு மேஜையில் ஒதுக்கிவிடுவார்கள். அதற்குரிய அகப்பைகூட மற்றொன்றோடு கலவாது. மாட்டிறைச்சி அன்று அந்த வீட்டுக்குள் வாராது. ஆட்டிறைச்சியும் கோழியும் ஹலால் கடையிலிருந்தே வாங்கப்படும். கேக்குகளில் ஒன்று முட்டை சேராததாக இருக்கும். அச்சு முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம், அண்டை வீட்டுச் சீன மாதிடம் கற்றுக்கொண்ட அன்னாசிப் பலகாரம் ஆகியவை எல்லோருக்கும் பொது. இந்த விதிகளை எந்தச் சமய நல்லிணக்க மாநாடும் வகுத்துக் கொடுக்கவில்லை. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, சொல்லாமலும் எழுதாமலும், கைவேலையாகவே இவை வந்து சேர்ந்தன. வந்தவர்களுள் ஒருவர்கூட 'நான் இதை உண்ணலாமா' என்று கேட்கவேண்டிய சங்கடத்துக்கு ஆளாகாதபடி ஒரு பெண்மணி முந்தின வாரம் முழுவதும் யோசித்து வைத்திருப்பது, நான் அறிந்த மரியாதைகளுள் மிக உயர்ந்தது.

இன்று நிலைமை மாறிவருகிறது. ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் இடித்துத் தள்ளப்பட்டன. ரயில் வண்டிகளைக் கோத்துப் பிரித்த பழைய இருப்புப்பாதை நிலத்தில் 2001 முதல் சென்ட்ரல் நிலையமும் அதைச் சுற்றி வானளாவிய கட்டடங்களும் நிற்கின்றன. கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும், பின்னர் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தன; லயங்களில் அடுத்தடுத்து வாழ்ந்த சகோதரர்கள் பூச்சோங்கிலும் ஷா ஆலமிலும் காஜாங்கிலும் அடுக்குமாடிகளில் சிதறினார்கள். இருபது பேர் அமரமுடியாத கூடம், விருந்தினர் வண்டிக்கு இடம் தராத வாகன நிறுத்தம், இரவு பத்து மணிக்கு மேல் கேரல் குழுவைப் பாடவிடாத காவற்கூடம் ஆகிய இவற்றுக்கிடையே ஒரு குடும்பம் தன் பந்துக்களை எவ்வாறு வரவேற்கும் என்ற கேள்வி நியாயமானதே. அந்தக் கேள்விக்குப் பலர் கண்டிருக்கும் விடை, ஹோட்டலில் ஒரு மேஜையை ஏற்பாடு செய்துவிடுவது. அந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹோட்டல் உணவு சுவையற்றது என்பதற்காக அன்று. அங்கே விருந்து தலைக்கு இத்தனை வெள்ளி என்று கணக்கிடப்படுகிறது. எந்தக் கணத்தில் உறவுக்குத் தலைக்கணக்கு வந்துவிடுகிறதோ, அந்தக் கணத்திலேயே பெயர்ப்பட்டியல் சுருங்கத் தொடங்குகிறது. முதலில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் நீங்குகிறார்கள்; அடுத்து, சக்கர நாற்காலியில் அழைத்துவரவேண்டிய சித்தப்பா; அதன்பின், அங்கே தமக்கு உண்ணத் தகுந்தது எதுவுமிராது என்று தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும் மாலை போட்டவரும், ஹலால் சான்றிதழ் உண்டோ இல்லையோ என்று தயங்கும் அக்காளும். எஞ்சுவது தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள். அவர்கள் தினந்தோறும் ஒன்றாக உண்பவர்கள்தாம்; அதற்குப் பண்டிகை வேண்டியதில்லை. வீட்டு விருந்திலோ பானையில் ஒரு படி அரிசி கூடுதலாக விழுந்தால் பத்துப் பேருக்கு இடம் உண்டாகிறது. அழையாமல் வந்தவருக்கும் இலை உண்டு. ஐந்து மணிக்கு மேஜையைக் காலி செய்யவேண்டும் என்று எவரும் வந்து நிற்பதில்லை. ஆதலால், பாகப்பிரிவினையில் மனம் கசந்து பல வருஷங்களாகப் பேசாதிருந்த இரண்டு சகோதரர்கள், கைகழுவும் இடத்திலோ காலணிகளைத் தேடும் வாசலிலோ எதிரெதிராக நிற்க நேர்ந்து, ஒரு வார்த்தை பேசிவிடவும் அங்கே அவகாசம் இருக்கிறது.

ஹோட்டலை நாடுவதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்றை மட்டும் நான் தலைவணங்கி ஏற்கிறேன். பெண்கள் களைத்துப் போகிறார்கள் என்பதே அது. அலுவலகத்துக்குச் சென்று திரும்பி, பலகாரம் சுட்டு, வீட்டைக் கழுவி, கீத பவனிக்கு வருவோருக்குச் சிற்றுண்டி தந்து, நள்ளிரவு ஆராதனைக்கும் சென்று வந்த ஒரு பெண், மறுநாள் நாற்பது பேருக்குச் சமைத்துவிட்டு, எல்லோரும் உண்டபின் ஆறிப்போன சோற்றைத் தனியே உட்கார்ந்து உண்பதைச் சம்பிரதாயம் என்ற பெயரால் எவரும் போற்றவேண்டியதில்லை. அந்தச் சிரமத்துக்குப் பரிகாரம் வீட்டை விட்டு ஓடுவதன்று, அதைப் பங்கிட்டுக்கொள்வது. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பதார்த்தத்தைச் செய்து கொண்டுவரட்டும். வெங்காயம் உரிப்பதும், கறியைக் கழுவிக் கொடுப்பதும், கடைசிப் பாத்திரம் வரையில் துலக்கி வைப்பதும் ஆண்மக்களின் பொறுப்பாகட்டும். அதுவும் இயலாவிடில், பிரிக்பீல்ட்ஸின் உணவுக் கடைகளில் சோறும் கறியும் சொல்லிவைத்து வரவழைத்துக்கொள்வதில் யாதொரு குறையும் இல்லை. சோறு எங்கே வெந்தது என்பதை அறவே மறந்துவிடலாம்; அதை உண்ணும் இடம் பாட்டியின் கூடமாக இருக்கட்டும்.

பந்துக்களைக் காணச் செல்வது இந்தப் பண்டிகைக்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட உலக வழக்கம் என்றும், பக்தி வேறு விருந்து வேறு என்றும் நினைப்போர் சபைகளில் உண்டு. அவர்கள் லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை மறுபடியும் வாசிக்கவேண்டும். இரட்சகரைச் சுமக்கப்போகும் செய்தியைப் பெற்ற மரியாள் அதன்பின் செய்த முதற்காரியம், மலைநாட்டில் வாழ்ந்த தன் உறவினளான எலிசபெத்தைத் தேடி விரைந்து சென்றதுதான். ஏறக்குறைய மூன்று மாதம் அந்த மூதாட்டியின் வீட்டில் தங்கியிருந்தாள் என்றும் அந்த நூல் சொல்கிறது. பெத்லகேமுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் முன்பாகவே, இளையவள் ஒருத்தி முதியவள் ஒருத்தியின் வீட்டு வாசலில் நின்று வாழ்த்துக் கூறிய காட்சியோடு அந்தச் சரித்திரம் ஆரம்பமாகிறது. ஆகவே ஈப்போவிலோ தெலுக் இந்தானிலோ தனியே இருக்கும் அத்தையைத் தேடி நெடுஞ்சாலையில் நெடுநேரம் வண்டி ஓட்டிச் செல்பவர், தேவாலயத்தில் தொடங்கிய ஆராதனையின் மிச்சத்தையே செய்து முடிக்கிறார்.

நாள் போதவில்லை என்ற முறையீட்டில் சில வருஷங்கள் நியாயம் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் முறை குலைந்த நம் பள்ளியாண்டு 2022இல் மார்ச்சு மாதத்துக்குத் தள்ளிப்போனபின், பிள்ளைகளுக்கு டிசம்பரில் கிடைத்துவந்த நீண்ட விடுமுறை குறுகிப்போயிற்று. தாத்தா வீட்டில் வாரக்கணக்காகத் தங்கிப் பலகார மாவைப் பிசைந்து விளையாடும் பாக்கியம் அந்தப் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. 2026 முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், இழந்த அந்த அவகாசம் திரும்பியிருக்கிறது. அதை மலைப்பிரதேசச் சுற்றுலாக்களுக்கே முழுவதும் கொடுத்துவிடாமல், ஒரு பகுதியையேனும் பெரியவர்களின் வீடுகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று பெற்றோரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எல்லா உறவினரையும் 25ஆம் தேதி ஒன்றிலேயே அடைக்கவேண்டும் என்பதும் இல்லை. திருச்சபை மரபில் கிறிஸ்து பிறப்புக்காலம் அன்றோடு முடிவதன்று. ஞானியர் வந்து வணங்கியதை நினைவுகூரும் ஜனவரி 6 வரையில் பன்னிரண்டு நாட்கள் அது நீள்கிறது. சிறிய கூடம் உடையவர்கள் தாய்வழியாரை ஒரு நாளும், தந்தைவழியாரை மற்றொரு நாளும், விரதம் முடித்து மாலை கழற்றியவரைப் பிறிதொரு நாளும் அழைக்கலாமே.

ஆலய நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம் தேவாலயங்கள் பெரும்பாலானவற்றுக்கு அவற்றுக்கென்றே மண்டபங்கள் உண்டு. கிறிஸ்துமஸ் பிற்பகலில் அவை பூட்டிக் கிடக்கின்றன. அடுக்குமாடிகளில் வாழும் சபைக் குடும்பங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து, தம் பந்துக்கள் எந்தச் சமயத்தவராயினும் அழைத்து அமர்த்தி உண்பதற்கு, அந்த மண்டபங்களை இந்தப் பன்னிரண்டு நாட்களும் வாடகையின்றித் திறந்துவிடவேண்டும். மின்சாரத்துக்கும் துப்புரவுக்கும் ஆகும் செலவை அக்குடும்பத்தாரே மனமுவந்து தருவார்கள். அப்படித் திறக்கும்போது, இந்த வட்டாரத்து உணவுக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் உழைக்கும் தமிழ்நாட்டு இளைஞர்களையும் நினைத்துக்கொள்ளவேண்டும். கன்னியாகுமரியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவர்களுள் கிறிஸ்தவர் பலர் உண்டு. பண்டிகை நாளில் கடைக்குக் கூட்டம் அதிகமாதலால் அவர்களுக்கு அன்று விடுப்புக் கிடைப்பது அருமை. அவர்கள் ஓய்வு பெறும் நாள் 26ஆம் தேதியா, 28ஆம் தேதியா என்று முன்கூட்டியே விசாரித்து, மண்டபத்தில் அந்த நாளை அவர்களுக்கென்று குறித்து வைக்கலாம். அன்று பந்தி பரிமாறுவதற்குச் சபையின் வாலிபர் சங்கத்தார் முன்வரவேண்டும். அந்த இளைஞர்களுடைய முதலாளிகளிடம் நேரில் சென்று, இரண்டு மணி நேரம் அவர்களை அனுப்பிவைக்கும்படி கேட்கும் கடமை குருமாருக்கு உரியது.