சக்கர வீட்டுக்கு இடம் எங்கே?



பேரா மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் பல்லாண்டுகளுக்கு முன் அமெரிக்கா சென்று அங்கேயே நிலைத்துவிட்டவர். வேலை ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, முப்பது அடி நீளமுள்ள டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கி, பெரிய பிக்கப் வண்டியில் அதைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு, மனைவியோடு ஊர் ஊராகப் போகிறாராம். ஆனால் காட்டுப் பகுதியில் உள்ள அரசாங்க முகாம்கள் மூன்றில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடங்கள் காலியாகக் கண்ணெதிரே இருந்தனவாம். "வாத்தியார் ஐயா, நிறத்தைப் பார்த்துத்தான் விரட்டுகிறார்களோ? அண்ணன் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ள மாட்டேன். வர்ஜீனியா மாநிலத்து ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பின மக்களுக்கென்றே லூயிஸ் மௌண்டன் என்ற தனி முகாமை 1939-ல் திறந்தார்கள். அந்தப் பாகுபாடு 1950-ல் முற்றும் நீங்கியது. முகாம் இன்றும் இருக்கிறது. இப்போது யாரும் போய்த் தங்கலாம். ஆகவே நீங்கள் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உங்கள் அண்ணன் விஷயத்தில், எனக்குத் தெரிந்த மட்டில், தடையாக நின்றது அந்த முப்பது அடிதான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவின் அரசாங்க முகாம்கள் பல, 1930-களில் போடப்பட்டவை. அப்போது அங்கே கடுமையான வேலையில்லாத் திண்டாட்டம். அரசாங்கம் 1933-ல் ஒரு இளைஞர் படையைத் திரட்டிக் காடுகளுக்கு அனுப்பியது. 1942 வரை ஏறக்குறைய முப்பது லட்சம் இளைஞர்கள் அதில் வேலை செய்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். பையன் கையில் ஐந்து டாலர்தான். (கடல் கடந்து வந்து பால்மரம் வெட்டி ஊருக்குப் பணம் அனுப்பிய நம் பாட்டன்மார் கதையை வீட்டில் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.) மரம் நட்டவர்களும், பாதை வெட்டியவர்களும், முகாம் இடங்களுக்குக் கல் அடுக்கியவர்களும் இவர்களே.

அந்த இடங்களை எப்படி அமைப்பது என்று வழிகாட்டியவர் மைனெக்கி என்ற தாவர நோய் அறிஞர். கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் மக்கள் கார்களை மரத்தடி வரை ஓட்டிச் சென்று நிறுத்தியதால், மண் கெட்டித்துப்போய் வேருக்கு நீரும் காற்றும் எட்டாமல் மரங்கள் நலிவதை அவர் ஆராய்ந்தார். 1932-ல் ஒரு முறையை எழுதிக் கொடுத்தார். ஒருவழிப் பாதை ஒன்று வளையமாகச் சுற்றி வர வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிறிய கிளைப்பாதை ஒன்று பிரிய வேண்டும். கார் அந்தக் கிளைப்பாதையைத் தாண்டாதபடி பெரிய கற்களை இட வேண்டும். மரம் பிழைத்தது. ஆனால் அவர் அளவெடுத்தது அன்றைய காருக்கும் கூடாரத்துக்கும்தான். இழுவை வீடுகள் பெருகத் தொடங்கியதும் இவை காட்டு முகாம்களுக்குப் பெருந்தொல்லையாகும் என்று அவரே எச்சரித்தார். எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகப் பருத்துவிட்ட மரங்களுக்கிடையே, அதே குறுகிய வளையத்தில், இன்று உங்கள் அண்ணன் முப்பது அடி வீட்டை இழுத்துக்கொண்டு போய் நிற்கிறார்.

இனி அளவைப் பார்ப்போம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் அப்பர் பைன்ஸ் என்ற பெரிய முகாம் இருக்கிறது. தானே ஓடும் மோட்டார் வீடு 35 அடி வரை அங்கே வரலாம். இழுத்து வரும் டிரெய்லரோ 24 அடிக்கு மேல் போகக்கூடாது. இது என்ன அநியாயம் என்று தோன்றும். டிரெய்லருக்கு முன்னால் இழுக்கும் வண்டியும் இருக்கிறதல்லவா? இரண்டும் சேர்ந்து திரும்ப வேண்டும், இரண்டும் நிற்க இடம் வேண்டும். மொண்டானா மாநிலத்துக் கிளேசியர் பூங்காவில் மலை உச்சியைக் கடக்கும் பழைய சாலையில், இழுவை வண்டியையும் டிரெய்லரையும் சேர்த்தே 21 அடிக்கு மேல் இருந்தால் நடுப்பகுதிக்குள் விடுவதில்லை. 1932-ல் முடிந்த சாலை அது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விற்பவர் "முப்பது அடி" என்று சொல்வது பல வேளைகளில் பெட்டியின் நீளம் மட்டுமே. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிச் சட்டம் இன்னும் மூன்று நான்கு அடி சேர்க்கும். ஆகவே கொக்கியின் நுனியிலிருந்து பின் பம்பர் வரை நாடா பிடித்து அளந்து, அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். அங்கே அரசாங்க முகாம்களுக்கு ரிக்ரியேஷன் டாட் கவ் என்ற இணையத்தளத்தில் முன்பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் கிளைப்பாதையின் நீளம் எத்தனை அடி, பின்னோக்கி நுழைய வேண்டியதா, நேரே நுழைந்து நேரே வெளியேறக் கூடியதா என்று போட்டிருக்கும். பின்சொன்ன வகை கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் காட்டு முகாம்களில் அது குறைவு.

இடம் சற்றுக் குட்டையாக இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. பாதைமேல் நிற்க வேண்டியது சக்கரம்தான். சக்கரத்துக்குப் பின்னால் ஏழெட்டு அடி வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாதையின் முடிவில் கிடக்கும் கல்லையோ கட்டையையோ சக்கரம் தொடும் வரை பின்னால் எடுத்தால், வால் அதற்கு அப்பால் வெறும் நிலத்தின் மேல் தொங்கும். அங்கே மரமோ செடியோ மேசையோ இல்லாதிருக்க வேண்டும், முகாம் காவலரும் சம்மதிக்க வேண்டும். இப்படி ஆறேழு அடி மிச்சமாகும். அந்த ஆறேழு அடிதான் இழுவை வண்டியின் மூக்கு சாலையில் துருத்தாமல் காப்பாற்றும்.

பின்னால் எடுக்கும் வித்தையை நம் தோட்டத்து டிராக்டர் ஓட்டிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரை ரேம்ப்பில் நூல் பிடித்தாற்போல் ஏற்றுகிறவர்கள் அவர்கள். என் வகுப்பில் பின்னக் கணக்குக்குத் தலையைச் சொறியும் பையன், டிரெய்லர் வலப்பக்கம் போக ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் "இடப்பக்கம், சார்" என்கிறான். பழக்கமில்லாதவர்களுக்கு ஓர் உபாயம். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை போகும் பக்கமே டிரெய்லரின் வால் போகும். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கிவிடும். நீளமானது மெதுவாகத் திரும்பும், ஓட்டிக்கு நிதானிக்க நேரம் கொடுக்கும். அந்த வகையில் நீளம் நல்லதுதான். தொல்லை எங்கே என்றால், வால் இடத்துக்குள் நுழையும்போது இழுவை வண்டியின் மூக்கு சாலையின் எதிர்ப்பக்கம் வீசிப்போகும். எதிரே மரம் நின்றால், கிளைப்பாதை ஐம்பது அடி இருந்தும் பயனில்லை. வளைவில் முன்னோக்கிப் போகும்போதும் பின்சக்கரம் உட்பக்கத்தை அறுத்துக்கொண்டு போகும். காலியான இடம் இருந்தும் காவலர் கையை ஆட்டி மறுப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். ஆகவே தன் சன்னல் பக்கம், அதாவது இடப்பக்கம் இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். தலையை நீட்டினால் வால் தெரியும். வலப்பக்கமானால் குருட்டாட்டம்தான். அண்ணி இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும், ஆனால் அண்ணனின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். கையசைவுகளை வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டால் காட்டில் சண்டை வராது. சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்துபோய்ப் பார்ப்பதில் வெட்கமில்லை. தரையைப் பார்ப்பவர்கள் மேலே பார்க்க மறந்துவிடுகிறார்கள். கூரையில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியைத் தாழ்ந்த கிளை ஒன்று பெயர்த்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அரசாங்க முகாமுக்கே போக வேண்டும், தனியார் இடங்கள் விசாலமாக இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். போகலாம். ஆனால் கட்டணம் பொதுவாக அதிகம். ஓய்வுச் சம்பளத்தில் வாழ்கிறவருக்கு அது பெரிய காரியம். வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டுச் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு, எங்கே போவது என்று நின்ற குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டைக் கூடவே இழுத்துப் போகிறவருக்கும் இரவில் அதை நிறுத்த ஒரு துண்டு நிலம் வேண்டியிருக்கிறது. டிரெய்லரை விற்றுவிட்டுச் சின்னதாக, இருபத்திரண்டு இருபத்து நான்கு அடியில் ஒன்று வாங்கலாமா என்று அண்ணன் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு முழுதும் அதிலேயே குடியிருப்பதானால் அவசரப்பட வேண்டாம் என்பேன். மழை நாளில் இரண்டு பேர் நாள் முழுதும் உள்ளே இருக்கும்போது அந்த ஆறடியின் அருமை தெரியும். முப்பது அடியை ஏற்கும் அரசாங்க இடங்களும் இருக்கின்றன. பல மாதங்களுக்கு முன்பே தேடிப் பதிய வேண்டும், அவ்வளவே.

பதிந்த இடத்திலும் நெடுநாள் தங்க முடியாது. பல முகாம்களில் 14 நாள்தான் கெடு. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கோடைக்காலத்தில் 7 நாளே. அதற்குப் பிறகு கொக்கியை மாட்டிக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போய், அங்கேயும் அண்ணி இறங்கிக் கைகாட்ட வேண்டியதுதான்.