மலையில் ரசனை, கரையில் போதை

நாசிக்கில் தோட்டம் தோட்டமாகப் போய் ஒயின் ருசித்துவிட்டு வருபவருக்குப் பெயர் சுற்றுலாப் பயணி. திருவொற்றியூரில் ஷிஃப்ட் முடிந்து ஒரு குவார்ட்டர் வாங்குபவருக்குப் பெயர் குடிகாரன். இரண்டு பேர் உடம்பிலும் இறங்குவது எத்தனால்தான். கல்லீரலுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் முன்னவர் இன்ஸ்டாகிராமில் படம் போடலாம். பின்னவர் பாட்டிலை லுங்கி மடிப்பில் மறைத்துக்கொண்டு போக வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ரசனை. அது பொய் என்பதுதான் என் கட்சி.

நாசிக்குக்கு நானும் அலுவலக நண்பர்களோடு போயிருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. தூரத்தில் சகியாத்ரி மலை, கங்காப்பூர் அணையின் தண்ணீர், வரிசை வரிசையாகக் கொடிகள். ஒரு பையன் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்கச் சொன்னான், சுழற்றி முகரச் சொன்னான். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் நடக்கும் அறுவடை இங்கே ஏன் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நடக்கிறது, மழைக்காலத்தைத் தாண்டிக் கொடியை எப்போது கவாத்து செய்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினான். கையில் இருப்பது எந்தத் திராட்சை, எந்த வருடம் என்று தெரிந்துகொண்டு, உட்கார்ந்து, தண்ணீரும் சாப்பாடும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தோம். கழிவறை சுத்தமாக இருந்தது.

இது நாசிக் மண்ணில் தானாக முளைத்தது அல்ல. 1990களின் இறுதியில் ராஜீவ் சமந்த் அங்கே சுலாவைத் தொடங்கினார். 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து ஒயினுக்கு வரிச் சலுகை கொடுத்தது. நாசிக் ஒயினுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதாவது, ஓர் அரசு உட்கார்ந்து யோசித்து, குடிப்பவரை மனிதராக நடத்தும் இடம் ஒன்றை உருவாக்க வழிசெய்தது.

இப்போது நம்ம ஊர். 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். 2023-24இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இவ்வளவு கொடுக்கும் வாடிக்கையாளருக்குத் திரும்பக் கிடைப்பது ஒரு கம்பி ஜன்னல்.

பாட்டிலுக்குள் என்ன? தமிழர்கள் விரும்பிக் குடிப்பது பிராந்தி. பிராந்தி என்றால் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தது என்றுதான் உலகம் புரிந்துகொள்கிறது. ஆனால் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ‘இந்தியன் பிராந்தி’ என்று விற்க 2 சதவீதம் திராட்சை பிராந்தி கலந்திருந்தால் போதும். மிச்சம் வேறு ஸ்பிரிட்டாக இருக்கலாம், பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வருவது. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொண்டாடிய மாநிலத்தில், திராட்சையின் பெயரில் கரும்புச் சாராயம் குடித்துக்கொண்டிருக்கிறோம். இதில் எங்கே பாஸ் ரசிப்பது?

சரி, நம்ம மண்ணின் பானம்? கள்ளுக்கு 1987 முதல் தடை. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை, கோவாவில் புவிசார் குறியீடு பெற்ற முந்திரி ஃபெனி. இங்கே மட்டும் பனையேறினால் குற்றம். கலப்படம் நடக்கும் என்பது காரணம். நான் சாஃப்ட்வேர் ஆள். பக் இருந்தால் சரிசெய்வோம். அந்த வசதியையே தூக்கிவிட்டு, பல மடங்கு வீரியமான இன்னொன்றை அதே இடத்தில் மாட்டிவைத்தால் வேலையை விட்டே துரத்திவிடுவார்கள். இறக்கிய சில மணி நேரத்தில் கள்ளின் வீரியம் பீர் அளவுதான். குவார்ட்டரின் வீரியம் 42.8 சதவீதம்.

வடசென்னைக்காரனுக்கு ருசி தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். காசிமேட்டில் செவுளை விரித்துப் பார்த்தே மீன் எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவார் அக்கா. எண்ணூரில் “இன்னிக்குக் காத்து மணலிப் பக்கம்பா” என்று மூக்கை வைத்தே சொல்வார்கள். 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவு, அதே மாதம் அமோனியா கசிவு என்று அந்த மூக்குகள் பட்டது கொஞ்சமல்ல. ரசனைக்கு வேண்டிய நாக்கும் மூக்கும் இங்கே தாராளமாக இருக்கின்றன. ரசிக்கத் தகுந்த பொருளைத்தான் யாரும் கொடுக்கவில்லை.

எவ்வளவு கூர்மையான மூக்காலும் மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. 2023இல் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும், 2024இல் 60 பேருக்கு மேல் செத்த கள்ளக்குறிச்சியிலும் அதுதான் நடந்தது. செத்தவர்கள் யாரும் ரசனைக் குறைவால் சாகவில்லை. மலிவானதும் பாதுகாப்பானதுமான ஒன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் செத்தார்கள்.

“குடிகாரப் புருஷன்கிட்ட அடி வாங்கும் பொண்ணுகிட்ட போய் இதைச் சொல்லுவியா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாசிக்கில் சிறு சிறு மடக்குகளாக, ஒரு மதியம் முழுக்கக் குடிக்கவைக்கிறார்கள். இங்கே 180 மில்லியைச் சுவரோரம் நின்று ஐந்து நிமிடத்தில் கவிழ்க்கவைக்கிறோம். கடை திறப்பது பகல் 12 மணிக்கு, மூடுவது இரவு 10 மணிக்கு. விடியலில் கரையேறும் மீனவருக்கும் நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கும் அதுதான் சாயங்காலம். அவர்களுக்குக் கூடுதல் விலைக்கு ‘பிளாக்’. வெறுவயிற்றில், அவசரமாக, ஒளிந்து, வீரியம் அதிகமானதைக் குடிப்பவன் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருவான்? அந்தக் குடிமுறையை வடிவமைத்தது யார்?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒயின் ருசிக்கும் கூடம் கட்டச் சொல்லவில்லை. உள்ளே என்ன ஸ்பிரிட், எதிலிருந்து வடித்தது என்று பாட்டிலில் தமிழில் போடுங்கள். கள்ளை உரிமத்தோடும் ஆய்வகச் சோதனையோடும் பனையேறிகளின் கூட்டுறவு வழியாக விற்கவிடுங்கள். குடிக்கும் இடத்தில் நாற்காலி, தண்ணீர், சோறு, கழிவறை வையுங்கள். குடியை விட நினைப்பவருக்குத் திருவொற்றியூரிலேயே படுக்கையோடு இலவசச் சிகிச்சை கொடுங்கள். வருகிற 45,000 கோடியில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒயின் குறிப்பு எழுதும் நண்பர்களே, தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்தக் கோப்பையில் நீங்கள் ருசித்தது பாதி திராட்சை. மீதி, உங்களுக்குக் கிடைத்த மரியாதை. இங்கே மரியாதை கிடையாது. திராட்சையும் 2 சதவீதம்தான்.